வெளியே போன பந்து

கொன்சுவேலோ
ஜூன் 14, 1987

என் எலிசேயோவுக்கு,

கடவுளும் மாதாவும் உன்னை ஆசீர்வதிக்கட்டும். உடம்பு எப்படி இருக்கிறது, அங்கே மூக்கு ஒழுகுகிறதா என்று முதலில் எழுது. எனக்கு முழங்கால் தவிர மற்றதெல்லாம் சுகம்.

நீ அமெரிக்காவுக்குக் கிளம்பிய அன்று நம் முற்றத்தில் யார் யார் இருந்தார்கள் என்று எழுதிவைக்கிறேன். நாளைக்கு நீ பெரிய பேஸ்பால் ஆட்டக்காரன் ஆனதும் ஊரே வந்து நானும் இருந்தேன் என்று சொல்லும். இருந்தவர்கள் இவர்கள்தான். உன் அத்தை நெரெய்தா. அவள் புருஷன் குவிரீனோ, ஒரு வார்த்தை கேட்காமல் ஆட்டுத் தலையைத் தன் தட்டில் போட்டுக்கொண்டவன். பாதர் சலோமோன், உன்னை ஆசீர்வதிக்கும் முன்னால் உன் மட்டையை ஆசீர்வதித்தவர். உன்னை அமெரிக்கர்களுக்குக் காட்டிக் கையெழுத்து வாங்கிய தரகர் எர்னான், மூன்று தட்டு சாப்பிட்டுவிட்டுக் கறியில் உப்புக் கம்மி என்றவர். பக்கத்து வீட்டு தியோலிந்தா. அவள் பேத்தி ஃபியோர்தலிசா, வாயைத் திறக்காமல் பாத்திரம் கழுவியவள். அப்புறம் நான், உன்னைத் தொட்டிலிலிருந்து வளர்த்தவள். வேறு யாரும் இல்லை.

தியோலிந்தா என்ன சொன்னாள் என்று உனக்குக் கேட்டிருக்காது, நீ வண்டியில் ஏறிக்கொண்டிருந்தாய். எனக்குக் கேட்டது. "அவகாடோ பழுக்கிறதுக்குள்ள திரும்பி வந்துருவான் பாரு"ன்னாள். என் ஆட்டைத் தின்ற வாயாலேயே சொன்னாள். அன்றோடு அவளிடம் பேச்சை நிறுத்திவிட்டேன். புயல் வருஷம் என் காபி வடிகட்டித் துணியை வாங்கிப்போய்க் கிழித்துக் கொடுத்த கணக்கையே நான் இன்னும் தீர்க்கவில்லை.

எர்னான் சொன்னதை மறந்துவிடாதே. இந்தக் கோடை முழுவதும் உன்னைப் பார்ப்பார்கள். செப்டம்பரில் யாரைப் பிடித்திருக்கிறதோ அவனை ஃப்ளோரிடாவுக்குக் கூட்டிப்போவார்கள். பிடிக்காதவனுக்கு வீட்டுக்கு டிக்கெட். வீட்டுக்கு வந்தால் உனக்குக் கரும்பாலைதான், உன் தாத்தா செவிடானாரே அதே இயந்திரத்துக்குப் பக்கத்தில்.

ஆகவே வருகிற பந்தையெல்லாம் அடி. நாலு கெட்ட பந்தை விட்டுவிட்டால் முதல் பேஸுக்குச் சும்மா நடந்து போகலாம் என்று அவர்கள் சட்டத்தில் இருக்கிறது. இருக்கட்டும். சும்மா கிடைத்த இடத்தில் போய் நம் குடும்பத்தில் யாரும் நின்றதில்லை. இந்தத் தீவைவிட்டு எவன் நடந்து போயிருக்கிறான்? சுற்றிலும் கடல். அடித்துத்தான் போயிருக்கிறார்கள்.

காலுறையைத் தினமும் துவை.

உன் அம்மாச்சி
எதுவிகிஸ்


ஹார்லன் ஃபோர்க்ஸ், மொன்டானா
ஜூன் 28

அன்புள்ள அம்மாச்சி,

ஆசி கொடுங்கள். நான் சுகம். மூக்கு ஒழுகுகிறது. ஜூன் மாதத்தில் இங்கே மலைமேல் பனி கிடக்கிறது, யாரும் அதைப் பற்றிக் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

எங்கள் அணிக்குப் பெயர் மலையாடுகள். சட்டையில் பெரிய கொம்பு போட்டிருக்கிறது. நம் பானி ஊரிலிருந்து வந்த வில்கினும் நானும் லாவெர்ன் என்ற அம்மாள் வீட்டில் தங்கியிருக்கிறோம். நல்லவர். ஆனால் பச்சை நிறத்தில், தொட்டால் ஆடுகிற ஒரு கூழ் செய்கிறார். இனிப்பு. உள்ளே காரட் துருவிப் போட்டிருக்கிறது. "இது பலகாரமா, கூட்டா?" என்று வில்கின் என்னைக் கேட்டான். "வாயை மூடிக்கிட்டு முழுங்குடா, அந்தம்மா பாக்குது" என்றேன். அந்த அம்மாள் எங்களுக்குப் பிடித்துவிட்டது என்று நினைத்துத் தினமும் செய்கிறார்.

முதல் ஆட்டத்தில் இரண்டு முறை அடித்து பேஸுக்குப் போனேன். மானேஜர் பெயர் ஹாகென். தாடை மரப்பலகை மாதிரி இருக்கும். நம் மொழியில் அவருக்கு ஒரே ஒரு சொல் தெரியும். "பொறு." நான் மட்டையை எடுக்கும்போதெல்லாம் அதைச் சொல்கிறார்.

வேலிக்கு அந்தப் பக்கம் எல்லாரும் நலமா?

உங்கள் எலிசேயோ


கொன்சுவேலோ
ஜூலை 10

என் எலிசேயோவுக்கு,

ஆண்டவர் உன்னையும் உன் மூக்கையும் காப்பாற்றட்டும். நான் சுகம். முழங்கால் மழை வரும் என்கிறது.

ஆட்டைக் குழம்பு வைக்கலாம். சட்டையில் போட்டுக்கொண்டு திரிகிறவர்களை இப்போதுதான் கேள்விப்படுகிறேன். சரி, அது அவர்கள் ஊர் வழக்கம்.

அந்தப் பலகைத் தாடைக்காரர் என்ன பொறு, பொறு என்கிறார்? பொறுத்தவன் கதை எனக்குத் தெரியும். உன் தாத்தா கந்தெலாரியோ ஆலையில் மேஸ்திரி வேலைக்குப் பொறுத்தார், பொறுத்தார், கடைசியில் மேஸ்திரியின் மச்சான் வந்து உட்கார்ந்தான். பெயர் ரமிரோ. அவன் செத்துப் பதினாறு வருஷம் ஆகிறது, நான் இன்னும் மன்னிக்கவில்லை. நீ சின்னவனாக இருந்தபோது இந்த முற்றத்தில் உனக்குப் பாட்டில் மூடியை எறிந்தவள் நான். துடைப்பக் கட்டையால் ஒரு மூடியை அடிக்காமல் விட்டாலும் உனக்குச் சோறு பிந்தும். அப்படிப் பழகிய கையை அவர் இப்போது வந்து நிறுத்தப் பார்க்கிறாரா? அவர் பெயரையும் குறித்துக்கொண்டேன்.

வேலிக்கு அந்தப் பக்கம் எல்லாரும் நலமா என்று கேட்டிருக்கிறாய். அந்தப் பக்கம் இருப்பது மூன்று உயிர். தியோலிந்தா, ஜெனரல் என்ற நொண்டி நாய், ஃபியோர்தலிசா. இதில் எந்த உயிரின் நலம் உனக்கு வேண்டும் என்று குறிப்பாக எழுதினால் குறிப்பாகப் பதில் எழுதுவேன். நாய் நலம்.

தியோலிந்தாவுடன் இன்னும் பேச்சில்லை. எனக்குச் சொல்ல வேண்டியதை அவள் நாயிடம் சொல்கிறாள். என் பதிலை நான் கோழியிடம் சொல்கிறேன்.

அடி.

உன் அம்மாச்சி
எதுவிகிஸ்


ஹார்லன் ஃபோர்க்ஸ்
ஜூலை 20

அன்புள்ள அம்மாச்சி,

நான் நலம். இங்கே வெயில் வந்துவிட்டது. ஆட்டங்கள் நடக்கின்றன. சாப்பாடு பழகிவிட்டது. வேறு விசேஷம் இல்லை. உங்கள் முழங்காலைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

எலிசேயோ


கொன்சுவேலோ
ஜூலை 31

எலிசேயோ,

நீ கேட்காவிட்டாலும் ஆசி தருகிறேன். கடவுள் உன்னைக் காக்கட்டும்.

ஆமாம், கேட்கவில்லை. நீ ஐந்து வயதில் டெங்குக் காய்ச்சலில் கிடந்தாய், கண் திறக்க முடியவில்லை, அப்போதும் காலையில் என் காலடிச் சத்தம் கேட்டதும் "ஆசி, அம்மாச்சி" என்று முனகினாய். கிணற்றில் விழுந்தபோது உள்ளேயிருந்து முதலில் ஆசி கேட்டாய், அப்புறம்தான் கயிறு கேட்டாய். இந்தக் கடிதத்தில் ஆசியும் இல்லை, ஆட்டத்தில் அடித்த கணக்கும் இல்லை. "வேறு விசேஷம் இல்லை" என்று எழுதுகிறவனுக்கு விசேஷம் இருக்கிறது என்று அர்த்தம். அடுப்புச் சாம்பலைப் பார்த்தே என்ன சமைத்தார்கள் என்று சொல்கிறவள் நான்.

விசேஷம் எனக்கு எப்படித் தெரிந்தது கேள். செவ்வாய்க்கிழமை துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். வேலிக்கு அந்தப் பக்கம் தியோலிந்தா நாய்க்குப் பேன் பார்க்கிற மாதிரி உட்கார்ந்தாள்.

"ஜெனரல், சேதி தெரியுமாடா? மலையாட்டுக் கம்பெனிக்காரன் ரெண்டு வாரமா பெஞ்சுல குந்தியிருக்கானாம். மட்டையைக் கண்ணால பாத்தே நாளாச்சாம்."

நான் கோழியைக் கூப்பிட்டேன். "ஏட்டி, நொண்டி நாய்க்கு யாரு தந்தி அடிச்சா, கேளு."

"ஜெனரல், தந்தி எதுக்குடா நமக்கு? மாசம் மூணு கடிதாசி வருது. ஒவ்வொண்ணும் நாலு பக்கம்."

நாலு பக்கம். எனக்கு வந்தது ஆறு வரி. ஃபியோர்தலிசா வாசலில் நின்று முறத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள், அரிசியே இல்லாத முறம். அவள் எழுதுகிறாளா, நீ எழுதுகிறாயா, எப்போதிலிருந்து என்பதெல்லாம் பிறகு. அவளுக்கு எழுதியதில் எனக்குக் கோபம் இல்லை. என் பேரன் பெஞ்சில் இருக்கிற சேதி ஒரு நாய்க்குத் தெரிந்த பிறகு எனக்குத் தெரிகிறதே, அதில்தான்.

உண்மையை எழுது. முழுதாக எழுது. ஒரு வார்த்தை விட்டாலும் எனக்குத் தெரியும்.

எதுவிகிஸ்


ஹார்லன் ஃபோர்க்ஸ்
ஆகஸ்ட் 9

அன்புள்ள அம்மாச்சி,

ஆசி கொடுங்கள். போன கடிதத்துக்கும் சேர்த்துக் கொடுங்கள். அதில் கேட்க வெட்கமாக இருந்தது.

தியோலிந்தா அம்மா சொன்னது உண்மை. முதல் வாரம் என்னைத் தெரியாததால் நல்ல பந்து போட்டார்கள், அடித்தேன். இரண்டாவது வாரம் என்னைத் தெரிந்துகொண்டார்கள். இப்போது எனக்கு யாரும் நல்ல பந்தே போடுவதில்லை. தலைக்கு மேலே போடுகிறார்கள், காலடியில் போடுகிறார்கள், நான் எல்லாவற்றுக்கும் மட்டையை வீசுகிறேன். மூன்று வீச்சு தவறியதும் அவுட், பெஞ்சு. எதிரணிக்காரர்கள் "பந்தைப் போஸ்ட்டுல அனுப்புங்கடா, அதையும் அடிப்பான்" என்கிறார்களாம். மொழிபெயர்த்துச் சொன்னதே என் பக்கத்துப் பெஞ்சுக்காரன்தான்.

ஹாகென் ஐயா அறைக்குக் கூப்பிட்டார். நம் மொழி பேசும் வெனிசுலாக்காரப் பயிற்சியாளர் உடனிருந்து மொழிபெயர்த்தார். "தம்பி, ஒரு புறா மைதானத்துக்குக் குறுக்கே பறந்தா நீ அதுக்கும் மட்டையை வீசுவே. உன் கை நல்ல கை. ஆனா உன்னால ஒண்ணே ஒண்ணையாவது விட முடியுமான்னு ஐயாவுக்குத் தெரியணும். விட முடியாதவனை ஃப்ளோரிடாவுக்குக் கூட்டிப்போறதுல அர்த்தமில்லைங்கறார்."

வில்கினை வியாழக்கிழமை அனுப்பிவிட்டார்கள். இங்கே அதற்கு ஒரு முறை உண்டு. சாமான் அறைக் கிழவர் ஒரு பழுப்புக் காகிதப் பையோடு வருவார். போகிறவனின் காலணியை அதில் போட்டு அவன் கையில் கொடுப்பார். அவ்வளவுதான், யாரும் எதுவும் பேச வேண்டியதில்லை. இப்போது அவர் பழம் வாங்கிக்கொண்டு நடந்தாலும் இருபது பேர் மூச்சு விடாமல் நிற்கிறோம். லாவெர்ன் அம்மாள் வில்கினுக்காக அழுதுவிட்டு அவன் பங்குக் கூழையும் எனக்கே வைக்கிறார்.

மூன்று வாரம் மீதி. விடணும் என்றுதான் நிற்கிறேன், அம்மாச்சி. பந்து வரும்போதே கெட்ட பந்து என்று தெரிகிறது. ஆனால் உங்கள் குரல் கேட்கிறது. கை போய்விடுகிறது.

உங்களிடம் சொல்லாமல் ஃபியோரிடம் சொன்னது தப்பு. அவள் அப்படியே பாட்டியிடம் சொல்வாள் என்று நினைக்கவில்லை.

உங்கள் எலிசேயோ


கொன்சுவேலோ
ஆகஸ்ட் 18

என் எலிசேயோவுக்கு,

இரண்டு கடிதத்துக்கும் சேர்த்து ஆசி. உடம்பைப் பார்த்துக்கொள், அந்தக் கூழைத் தின்னு, தூர ஊரில் அழுகிற பெண்ணின் சாப்பாட்டை மறுக்கக்கூடாது.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு மூன்று பேரைத் திட்டினேன். ஹாகென், எர்னான், அந்தப் பந்துப் போஸ்ட்டுக்காரர்கள். திட்டி முடித்தும் நீ பெஞ்சில்தான் இருந்தாய். சரி, இந்த விடுவது என்பது என்ன வேலை, மனுஷனால் ஆகிற காரியமா என்று நானே பார்த்துவிடலாம் என்று தோன்றியது. எனக்குப் பந்து போட அமெரிக்கா போக வேண்டாம். வேலிக்கு அந்தப் பக்கமே ஆள் இருக்கிறது.

சனிக்கிழமை காலை நாற்காலியைப் போட்டு வேலியோரம் பயறு உரிக்க உட்கார்ந்தேன். கோழியை அடைத்துவிட்டேன், பதில் சொல்ல ஆசை வரக்கூடாது என்று.

தியோலிந்தா வந்தாள். முதல் பந்து. "ஜெனரல், சில பேரு ஆட்டை வெட்டி ஊரைக் கூட்டுவாங்க. பையன் பெஞ்சு தேய்க்கத்தான் போயிருப்பான்." உயரமான பந்து. விட்டேன்.

இரண்டாவது. "வெள்ளைத் துணியா அது ஜெனரல்? காபி வடிகட்டின மாதிரி இருக்கு." வடிகட்டியைப் பற்றி அவளே எடுக்கிறாள் பார். நாக்கு பல் வரைக்கும் வந்துவிட்டது. ஒரு பயறை வாயில் போட்டுக் கடித்தேன். விட்டேன்.

மூன்றாவது. "கந்தெலாரியோ பாவம்டா ஜெனரல். காது போனதாலதான் அந்த மனுஷன் அவ கூட இத்தனை வருஷம் குப்பை கொட்டினார்."

எலிசேயோ, உன் தாத்தாவின் காதைத் தொட்டாள். அதுவரை உன்னைப் புரியாமல்தான் இருந்தேன். அப்போது புரிந்தது. கை தானாகப் போகிறது. நாற்காலியின் கீழே இரண்டு கையையும் கோத்து வைத்துக்கொண்டேன். விட்டேன்.

தியோலிந்தா வேலி இடுக்கு வழியாக எட்டிப் பார்த்தாள். பிறகு மெதுவாக, "ஜெனரல், அவளுக்கு என்னடா ஆச்சு? பேசவே மாட்டேங்கறா." நான்காவது. அது பந்தே இல்லை, கையிலிருந்து நழுவி விழுந்தது.

உடனே கதவு கிரீச்சிட்டது. தியோலிந்தா சுற்றிக்கொண்டு என் முற்றத்துக்குள் வருகிறாள், கையில் காபி. "விகிஸ், உடம்பு சரியில்லையா? ஏதாவது சொல்லேண்டி, பயமா இருக்கு" என்கிறாள். நான் எழுந்து நிற்கக்கூட இல்லை. ஒரு வார்த்தை செலவில்லை. அவளே காபி ஊற்றினாள், அவளே கோப்பையைக் கழுவினாள், அவகாடோவைப் பற்றி நான் கேட்காமலே "அன்னிக்கு வாய்தவறிச் சொல்லிட்டேன்"ன்னாள்.

நான் முதல் பேஸுக்கு நடந்துவிட்டேன், பையா. காபியோடு.

ஆகவே இப்போது சொல்வதைக் கேள். பழைய குரல் கேட்டால் இந்தக் குரலையும் கேள், இதுவும் என்னுடையதுதான். உன்னை வம்புக்கு இழுப்பதற்கென்றே வருகிற பந்து கெட்ட பந்து. அதை விடு. நாலு முறை விட்டால் போடுகிறவனுக்குப் பயம் வந்துவிடும், என் கண்ணால் பார்த்தேன். நல்ல பந்து வந்தால் மட்டும் அதைப் போட்டவன் பரம்பரைக்கே வலிக்கிற மாதிரி அடி.

தியோலிந்தா உனக்கு விசாரிப்பு சொன்னாள். நேராக என்னிடமே சொன்னாள். ஃபியோர்தலிசாவும் நலம், நீ கேட்காவிட்டாலும் எழுதுகிறேன்.

உன் அம்மாச்சி
எதுவிகிஸ்


ஹார்லன் ஃபோர்க்ஸ்
செப்டம்பர் 2

அன்புள்ள அம்மாச்சி,

ஆசி கொடுங்கள். நான் நலம். எல்லாவற்றையும் வரிசையாக எழுதுகிறேன், நடுவில் கடைசிப் பக்கத்துக்குப் போகாதீர்கள்.

உங்கள் கடிதம் கடைசி வாரம்தான் வந்து சேர்ந்தது. வெனிசுலாக்காரருக்கு அந்த நாலு பந்தையும் படித்துக் காட்டினேன். அவர் ஹாகென் ஐயாவுக்குச் சொன்னார். ஐயாவுக்குத் தாடை அசைந்ததை அன்றைக்குத்தான் எல்லாரும் பார்த்தோம். "காபிக்காரியோட பேரன் நாளைக்கு ஆடட்டும்" என்றாராம்.

கடைசி ஆட்டம். கடைசிச் சுற்று. ஒரு ஓட்டம் பின்தங்கியிருக்கிறோம், இரண்டு பேர் அவுட், மூன்றாவது ஆள் போனால் ஆட்டம் முடிந்தது, மூன்று பேஸிலும் எங்கள் ஆட்கள். மட்டை என் கையில். நான் சும்மா நடந்தாலே மூன்றாவது பேஸில் நிற்கிறவன் உள்ளே வந்துவிடுவான், ஓட்டம் சமம்.

இரண்டு பந்துக்கு வீசினேன். பழைய கை. பிறகு உயரே ஒன்று, விட்டேன். தரையில் ஒன்று, விட்டேன். என் விலாவுக்கு ஒன்று, தாத்தாவின் காது மாதிரி, அதையும் விட்டேன். மூன்று கெட்ட பந்து, இரண்டு வீச்சு. இன்னொரு கெட்ட பந்து வந்தால் நடை, நல்ல பந்தை விட்டால் அவுட்.

பந்து வந்தது. வெளியே. ஒரு முழம் வெளியே, அம்மாச்சி. என் கைக்குக் கூட ஆசை வரவில்லை. விட்டுவிட்டு, மட்டையைக் கீழே வைத்துவிட்டு, முதல் பேஸை நோக்கி நடக்க ஆரம்பித்தேன். வாழ்க்கையில் முதல்முறை நடந்தேன். பின்னால் நடுவர் கையை உயர்த்தி, நல்ல பந்து, அவுட் என்றுவிட்டார். ஆட்டம் முடிந்தது. தோற்றுவிட்டோம்.

நடுவர் பெயர் வேண்டாம், அம்மாச்சி. எழுத மாட்டேன்.

உடை மாற்றுகிற அறையில் குனிந்து உட்கார்ந்திருந்தேன். சாமான் அறைக் கிழவர் வந்தார். கையில் பழுப்புக் காகிதப் பை. நேராக என்னிடம். எல்லாரும் சுவரைப் பார்த்தார்கள். நான் பையை வாங்கினேன். கனமாக இருந்தது, ஆடியது. காலணி ஆடாது. திறந்தேன். பச்சைக் கூழ். டப்பாவோடு. லாவெர்ன் அம்மாள் பிரயாணத்துக்குக் கொடுத்தனுப்பியிருக்கிறார்.

"எந்தப் பிரயாணத்துக்கு?" என்று கேட்டேன். கிழவருக்கு நம் மொழி தெரியாது. கையால் கீழே, தெற்கே என்று காட்டினார். நம் தீவும் தெற்கேதானே. பிறகு ஹாகென் ஐயா வந்து டிக்கெட்டை மடியில் வைத்தார். ஃப்ளோரிடா. "ஒண்ணை விட்டே. எனக்கு அது போதும்னு ஐயா சொல்றார்" என்றார் வெனிசுலாக்காரர்.

ஐயா உங்களுக்குத் தன் கையால் ஒரு வரி எழுத வேண்டுமாம். வார்த்தைகளைக் கேட்டுக் கேட்டு எழுதுகிறார். இதோ.

உங்கள் எலிசேயோ

*அம்மையாருக்கு வணக்கம். நல்ல காபி. பந்து வெளியே. ஆர். ஹாகென்.*


கொன்சுவேலோ
செப்டம்பர் 14

ஃப்ளோரிடாவில் இருக்கும் என் எலிசேயோவுக்கு,

கடவுளும் மாதாவும் தீவில் உள்ள அத்தனை புனிதர்களும் உன்னை ஆசீர்வதிக்கட்டும். நான் சுகம். முழங்கால்கூட இந்த வாரம் வாயைத் திறக்கவில்லை.

கடிதம் வந்ததும் முதலில் கடைசிப் பக்கத்தைத்தான் படித்தேன். என்னிடம் போய் அப்படி எழுதலாமா? பிறகு முற்றத்தில் உட்கார்ந்து, முதலிலிருந்து உரக்கப் படித்தேன். கேட்டவர்கள்: நெரெய்தா, குவிரீனோ, பாதர் சலோமோன், எர்னான், தியோலிந்தா, ஃபியோர்தலிசா, ஜெனரல், கோழி. ஆடு இல்லை, அவகாடோ வெட்டி வைத்தேன். தியோலிந்தா இரண்டு துண்டு தின்றுவிட்டு, "பழுத்துருச்சு விகிஸ், பையன் வரலையே" என்றாள். இந்த ஒரு தடவை அவள் சொன்னது எனக்கு இனித்தது.

எல்லாரையும் விட்டுவிடுவது என்று முடிவு செய்தேன். குவிரீனோவுக்கு ஆட்டுத் தலையை விட்டேன், அதில் எப்படியும் மூளை கம்மி, அவனுக்குத்தான் தேவை. பாதருக்கு மட்டையை விட்டேன். எர்னானுக்கு உப்பை விட்டேன். தியோலிந்தாவுக்கு வடிகட்டியை விட்டேன், உன் தாத்தாவின் காதையும் விட்டேன். ஹாகென் ஐயா நல்ல மனுஷர், முதலிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தேன். மேஸ்திரியின் மச்சான் ரமிரோவைக்கூட விட்டுவிட்டேன். செத்தவனைப் பிடித்து வைத்திருந்ததில் எனக்கே கை வலித்திருக்கிறது. ஃபியோருக்கு நாலு பக்கம் எழுதியதற்காக உன்னைப் பாதி விட்டேன். மீதிப் பாதி நீ எனக்கு ஐந்து பக்கம் எழுதினால்.

ஐயா எழுதிய வரியைக் கத்தரித்து மாதா படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறேன். வருகிறவர்கள் எல்லாரும் படிக்கிறார்கள். பந்து வெளியே. விளையாடத் தெரிந்த மனுஷர், தன் கையால் எழுதிக் கையெழுத்தும் போட்டிருக்கிறார்.

காலுறையைத் துவை. ஃப்ளோரிடாவில் வெயில் அதிகம், தலையை மூடிக்கொள்.

உன் அம்மாச்சி
எதுவிகிஸ்

பின்குறிப்பு: பெயரை எனக்கு எழுத மாட்டேன் என்றாய். ஆனால் ஃபியோருக்கு எழுதியிருக்கிறாய். அவள் எதையும் அப்படியே சொல்லிவிடுகிற பெண் என்று நீதானே எழுதினாய். நேற்று பயறு உரிக்க உதவிக்கு வந்தாள். கெட்ட பந்தைத்தான் நான் விடச் சொன்னேன், எலிசேயோ. இது நல்ல பந்து, நடு மார்புக்கு நேரே வருகிறது. ஆகவே எல்லாரையும் மன்னித்த இந்த முற்றத்திலிருந்து, மூச்சு உள்ளவரை நான் மன்னிக்கப்போவதில்லை என்று எழுதிவைக்கிறேன், கண் தெரியாத அந்த நடுவர் டுவைன் டட்டிலை.